சேமநிதியும் ஊழியர் ஊதியமும்: அளவு யாது, அதை வகுப்பவர் யார்?

சங்கத்தின் ஐந்தொகை பொதுப் பேரவையில் வைக்கப்படும்பொழுது அங்கத்தினர்கள் பெரும்பாலும் இரண்டு இனங்களைப் பற்றியே வினவுகின்றனர். சேமநிதியில் இவ்வளவு பணம் இருக்கையில் அதை ஏன் நமக்குப் பிரித்துத் தரலாகாது என்பது ஒன்று. ஊழியர் ஊதியத்துக்கு இவ்வளவு செலவாகிறதே, அதை ஏன் குறைக்கலாகாது என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான வினாக்களே. ஆயினும், விடை காணும் முறை தெரியாதபொழுது வினா கூச்சலாகவும், பதில் மழுப்பலாகவும் முடிந்துவிடுகின்றன. ஆண்டு ஒன்று கழிகிறது; ஐந்தொகை மட்டும் நிறைவேறிவிடுகிறது.

கெடாரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் நிலக்கடலையும் கரும்பும் நெல்லும் பயிரிடுவோர்க்கும், சிறுவந்தாடு முதலிய ஊர்களில் பட்டு நெய்வோர்க்கும் இவ்விரு வினாக்களும் பொதுவானவை. சேமநிதிக்கு அளவு உண்டு. ஊதியத்துக்கும் அளவு உண்டு. அவ்வளவைக் கணக்கிட்டு வெளிப்படையாக வகுக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் கருத்து. இதனை விளக்குவதற்கு, இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் வண்டி வழங்கும் திட்டமொன்றில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். அது கூட்டுறவுச் சங்கம் அன்று. ஆயினும் அங்கே எழுந்த வினாக்கள் நம் சங்கத்தில் எழும் வினாக்களேயாகும்.

1. சேமநிதி என்பது யாது?

நல்ல ஆண்டில் கிடைத்த மிச்சத்தில் ஒரு பகுதியைக் கெட்ட ஆண்டுக்கென நிறுத்தி வைப்பதே சேமநிதி. விதைநெல்லைக் கோட்டை கட்டி வைக்கும் உழவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு பண்டகசாலையைத் தொடங்கினர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். அக்காலத்தை அடுத்து ஜெர்மனியில் ரைபைசன் என்பார் கிராமக் கடன் சங்கங்களை நிறுவினார். அச்சங்கங்களின் சேமநிதி அங்கத்தினர் எவர்க்கும் பங்கிட்டுக் கொடுக்கப்படாதது; அது சங்கத்துக்கே, அதாவது இன்றுள்ளோர்க்கும் இனி வருவோர்க்கும் உரியது. நம் மாகாணத்தில் நிக்கல்சன் என்னும் அதிகாரி ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் தம் அறிக்கையை அளித்தார். 1904இல் இந்தியக் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அதன்பின் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டம், நிகர லாபத்தில் நான்கில் ஒரு பங்கையாவது சேமநிதிக்கு மாற்றிய பின்னரே பங்கு ஈவோ போனஸோ வழங்கலாம் என விதித்தது. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான 2002ஆம் ஆண்டுச் சட்டமும் 25 விழுக்காட்டைச் சேமநிதிக்கும், அதற்கு மேல் 10 விழுக்காட்டை எதிர்பாராத நட்டத்துக்கான நிதிக்கும் ஒதுக்கச் சொல்கிறது. நம் மாநிலச் சங்கங்கள் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்கும் தத்தம் துணைவிதிகளுக்கும் கட்டுப்பட்டவை.

இவ்விடத்தில் இரண்டு மயக்கங்களை நீக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கொடுக்கவேண்டிய கடனுக்காக ஒதுக்கும் தொகை சேமநிதி ஆகாது. ஊழியர்க்குரிய பணிக்கொடை, ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் என்னும் கணக்கில் வளர்ந்துகொண்டே வருகிறது. அது சங்கம் பட்டுள்ள கடன். அதைத் தனியே ஒதுக்காமல், ‘சேமநிதிதான் இருக்கிறதே’ என்று விட்டுவிடுவது, அண்டை வீட்டாரின் நெல்லைத் தன் குதிரில் சேர்த்து அளப்பதை ஒக்கும்.

இரண்டாவது, ஐந்தொகையில் சேமநிதி என எழுதப்பட்டிருக்கும் தொகை பெட்டியில் பணமாக இருப்பதாகக் கருதலாகாது. அது நூலாகவும், விற்காத சேலையாகவும், வராத பாக்கியாகவும், கட்டடமாகவும் மாறியிருக்கலாம். 10 இலட்சம் ரூபாய்ச் சேமநிதி முழுதும் கட்டடத்தில் புதைந்திருக்குமாயின், கூலி நாளில் அக்கட்டடத்திலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்து நெசவாளரிடம் கொடுத்தல் இயலாது. ஆகவே, எவ்வளவு என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

2. வண்டித் திட்டம் நடக்கும் முறை

இங்கிலாந்தில் நடக்க இயலாதோர்க்கு முன்னாளில் அரசாங்கம் வெளிர்நீல நிறமுள்ள மூன்று சக்கர வண்டிகளை வழங்கி வந்தது. அதில் ஒருவர் மட்டுமே அமரலாம். குழந்தையையோ துணைவரையோ உடன் ஏற்றிச் செல்லுதல் இயலாது. 1976இல் வண்டிக்குப் பதிலாகப் போக்குவரத்துப் படி என்னும் பண உதவி புகுத்தப்பட்டது. படி கிடைத்ததேயன்றி, அதைக்கொண்டு ஒரு காரை வாங்குதல் எளிதாக இல்லை. இக்குறையை நீக்க 1977இல் மோட்டபிலிட்டி என்னும் அறநிலையம் தோன்றியது. முதல் கார்கள் 1978இல் வழங்கப்பட்டன.

நம் மாநிலத்தில் கால்கள் பாதிக்கப்பட்டோர்க்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரை அரசாங்கமே விலையின்றி வழங்குகிறது. அங்கே முறை வேறு. மாற்றுத்திறனாளி தமக்கு வரும் படியை வண்டித் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதற்கு ஈடாகப் பொதுவாக மூன்றாண்டுக்கு ஒரு புதிய கார் வாடகைக்குக் கிடைக்கிறது. காப்பீடு, பழுதுபார்த்தல், சக்கர உறை மாற்றுதல் எல்லாம் அவ்வாடகையில் அடங்கும். மூன்றாண்டு முடிந்ததும் கார் திரும்பப் பெறப்பட்டு விற்கப்படுகிறது; விரும்பினால் வேறொரு புதிய காரை எடுத்துக்கொள்ளலாம்.

கார்களை வாங்கி வாடகைக்கு விடும் வேலையை மோட்டபிலிட்டி ஆபரேஷன்ஸ் என்னும் கம்பெனி செய்கிறது. அதன் பங்குகள் நான்கு பெரிய வங்கிகளுக்கு உரியவை. எனினும் வங்கிகள் அதிலிருந்து பங்கு ஈவு பெறுவதில்லை. ஆகவே மிச்சம் முழுதும் கம்பெனியிலேயே தங்குகிறது, அல்லது அறநிலையத்துக்குச் செல்கிறது.

இத்தொழிலின் உயிர்நிலை ஒரு மதிப்பீட்டில் இருக்கிறது. விளக்கத்துக்காக ஒரு காரின் விலை 20,000 பவுண்டு என்று கொள்வோம். மூன்றாண்டுக்குப் பின் 11,000 பவுண்டுக்கு விற்கும் என்று கம்பெனி மதிப்பிட்டால், இடையிலுள்ள 9,000 பவுண்டையும் பிற செலவுகளையும் வாடகையில் வசூலித்தாக வேண்டும். உண்மையில் 12,000 பவுண்டுக்கு விற்றுவிட்டால் 1,000 பவுண்டு எதிர்பாராத லாபம். 10,000க்கே விற்றால் 1,000 பவுண்டு நட்டம். 6 இலட்சம் கார்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன எனின், ஆண்டுதோறும் 2 இலட்சம் கார்கள் விற்பனைக்கு வரும். கார் ஒன்றுக்கு 100 பவுண்டு கூடினாலோ குறைந்தாலோ ஆண்டில் 2 கோடி பவுண்டு வேறுபடும். இத்தகைய தொழிலுக்குப் பெரிய சேமநிதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு பெரிது என்பதே வினா.

3. குவிந்த நிதியும் உயர்ந்த ஊதியமும்

2018ஆம் ஆண்டில் இவ்வினா பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் முன் வந்தது. அப்பொழுது திட்டத்தில் 6 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். நிதித்துறைக் குழுவும் வேலை-ஓய்வூதியத் துறைக் குழுவும் கூடி ஆராய்ந்து மே மாதத்தில் அறிக்கை அளித்தன. கம்பெனியின் சேமநிதி 240 கோடி பவுண்டு அளவுக்கு உயர்ந்திருந்தது. தலைமை நிருவாகியின் ஊதியம் ஆண்டுக்கு 17 இலட்சம் பவுண்டு. அரசாங்கப் படியினாலும் வரிச் சலுகையினாலும் வளரும் திட்டத்துக்கு இவை இரண்டும் பொருந்தா என்று குழுக்கள் கண்டித்தன.

அவ்வூதியத்தின் பருமனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 2017-18இல் மாற்றுத்திறனாளி ஒருவர் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்த உயர்நிலைப் படி வாரத்துக்கு 58 பவுண்டு. 52 வாரத்துக்கு 3,016 பவுண்டு. 17 இலட்சத்தை இதனால் வகுத்தால் 560க்கு மேல் வருகிறது. அதாவது, 560 மாற்றுத்திறனாளிகள் ஓராண்டு முழுதும் விட்டுக்கொடுத்த படிக்கு ஒருவரின் ஊதியம் சமமாக இருந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் தன் அறிக்கையை வெளியிட்டது. 2008 முதல் கம்பெனி தான் எதிர்பார்த்ததற்கு மேல் 105 கோடி பவுண்டு லாபம் ஈட்டியிருந்தது என்பது அதில் தெளிந்த செய்தி. பழைய கார்கள் என்ன விலைக்குப் போகும் என்பதைத் தொடர்ந்து குறைவாக மதிப்பிட்டது இதற்கு ஒரு முக்கிய காரணம். குறைவாக மதிப்பிட்டால் வாடகை கூடும். வாடகை கூடினால் மிச்சம் பெருகும். மிச்சம் பெருகினால் நிருவாகம் சிறந்ததாகத் தோன்றும். மேல்நிலை அலுவலர்களின் ஊக்கத்தொகைக்கு வகுத்த இலக்குகள் 2008 முதல் எளிதில் எட்டப்படும்படியே அமைந்திருந்தன என்றும் தணிக்கையாளர் கூறினர். தலைமை நிருவாகிக்கு 20 இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட நீண்டகால ஊக்கத்தொகை ஒன்று சேர்ந்திருந்ததும் அப்பொழுதே பொதுமக்களுக்குத் தெரிய வந்தது. அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். அவ்வாண்டிலேயே கம்பெனி 40 கோடி பவுண்டை அறநிலையத்துக்கு நன்கொடையாக வழங்கியது.

இதில் எவரும் பெட்டியை உடைத்துப் பணம் எடுத்ததாகக் குற்றச்சாட்டு இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். திட்டம் நன்றாகவே நடந்தது. கார் பெற்றோர் பெரும்பாலும் மனநிறைவுடன் இருந்தனர். வாடகைக்கு அளவு வகுத்தோரும், சேமநிதிக்கு அளவு வகுத்தோரும், ஊக்கத்தொகையால் பயன்பெற்றோரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தனர். பணம் கொடுத்தோர் அவ்வட்டத்துக்கு வெளியே இருந்தனர். குறை இங்கேதான் இருந்தது.

4. மறுபக்கமும் உண்டு

இக்கதையை இவ்வளவில் நிறுத்திவிட்டால், சேமநிதி என்பதே அநியாயம் என்று ஒருவர் முடிவு கட்டக்கூடும். அது பெரும் பிழையாகும்.

பின்வந்த ஆண்டுகளில் புதிய கார்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டுப் பழைய கார்களின் விலை வெகுவாக ஏறியது. கம்பெனியின் லாபமும் ஏறியது. புதிய காரின் விலையும் ஏறியதால், கார் எடுப்போர்க்குக் கம்பெனி தன் மிச்சத்திலிருந்து ரொக்க உதவியும் வழங்கியது. அதன்பின் காற்று திசை மாறியது. பழைய மின்சாரக் கார்களின் விலை விரைந்து சரிந்தது. 2024 செப்டம்பரில் முடிந்த கணக்காண்டில் கம்பெனிக்கு 50 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட நட்டம் நேர்ந்தது. அவ்வளவு பெரிய அடியைத் தாங்கித் திட்டம் தொடர்ந்து நடந்ததற்குக் காரணம், முன்னர்ச் சேர்த்திருந்த நிதியே.

எனவே 2018இல் நிதி மிகுதி என்றவர்களும் முற்றிலும் தவறு செய்தவர் அல்லர்; நிதி வேண்டும் என்றவர்களும் முற்றிலும் தவறு செய்தவர் அல்லர். எந்த அபாயத்துக்கு எவ்வளவு என்னும் கணக்கு பணம் கொடுத்தோர்க்கு விளங்கும்படி முன்னரே வைக்கப்பட்டிருக்குமாயின், வழக்கின் பெரும்பகுதி எழுந்தேயிராது. அளவு சொல்லாத சேமிப்பு, நல்ல நோக்கத்துக்காக இருப்பினும், பதுக்கல் என்றே பெயர் பெறும்.

5. நம் சங்கத்துக்குச் சேமநிதி எவ்வளவு?

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். கணக்குக்காக 100 தறிகள் உள்ள நெசவாளர் சங்கம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தறி ஒன்றுக்கு மாதக் கூலி 8,000 ரூபாய். ஆக, மாதம் 8 இலட்சம். நூல் கொள்முதல் மாதம் 10 இலட்சம். இருப்புச் சரக்கு 30 இலட்சம். வரவேண்டிய பாக்கி 40 இலட்சம். இச்சங்கத்துக்கு வரக்கூடிய இன்னல்களை ஒவ்வொன்றாக எழுதுவோம்.

முதலாவது, சரக்குத் தேக்கம். இருப்பில் கால் பங்கு, அதாவது 7½ இலட்சம் ரூபாய்ச் சரக்கு, வழக்கொழிந்த கரையும் நிறமும் உடையதாகி 40 விழுக்காடு தள்ளுபடியில் விற்க நேரிடலாம். நட்டம் 3 இலட்சம்.

இரண்டாவது, நூல் விலை ஏற்றம். பழைய விலைக்குச் சேலை தருவதாக ஒப்புக்கொண்டபின் நூல் விலை 15 விழுக்காடு ஏறி இரண்டு மாதம் நீடித்தால், நட்டம் 3 இலட்சம்.

மூன்றாவது, வராத பாக்கி. 40 இலட்சத்தில் 5 விழுக்காடு வசூலாகாமற் போனால், நட்டம் 2 இலட்சம்.

நான்காவது, பணம் வரத் தாமதம். கொள்முதல் செய்தோர் இரண்டு மாதம் பணம் அனுப்பவில்லையெனின் கூலிக்கு மட்டும் 16 இலட்சம் வேண்டும். இது நட்டம் அன்று, தற்காலிக முடை. இதில் பாதியை மத்தியக் கூட்டுறவு வங்கியின் காசுக்கடனால் சமாளிக்கலாம் என்று கொண்டால், எஞ்சிய 8 இலட்சம் சங்கத்தின் சொந்தப் பணமாகவும் எளிதில் எடுக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும்.

ஆக, முதல் மூன்றுக்கு 8 இலட்சம், நான்காவதற்கு 8 இலட்சம்; மொத்தம் 16 இலட்சம். இதுவே இச்சங்கத்தின் கீழ் எல்லை. கணக்கில் வராத இடர்களுக்காக இன்னும் கால் பங்கு கூட்டி 20 இலட்சத்தை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

உழவர் விற்பனைச் சங்கத்துக்கும் முறை இதுவே. இன்னல்கள் மட்டும் வேறு. நிலக்கடலை மூட்டையை ஈடாகப் பெற்று முன்பணம் கொடுக்கும் சங்கம், கடலை விலை எவ்வளவு சரிந்தால் முன்பணம் முழுகும் என்று பார்க்க வேண்டும். கிடங்கில் பூச்சியும் ஈரமும் எவ்வளவு தின்னும் என்று பார்க்க வேண்டும்.

கற்பனைச் சங்கத்தின் சேமநிதி 9 இலட்சமே ஆயின், அவ்வாண்டு பங்கு ஈவைக் கூட்டக் கேட்பது தன் கூரையைத் தானே பிரிப்பதாகும். அது 30 இலட்சமாக உயர்ந்திருந்தாலோ, நெசவாளர்க்குக் கூலி குறைவாகத் தரப்பட்டது அல்லது சேலைக்கு விலை மிகுதியாக வைக்கப்பட்டது என்று பொருள். அப்பொழுதும் சேமநிதியை உடைத்துப் பங்கிடுதல் வழியன்று. சட்டமும் அதற்கு எளிதில் இடம் கொடாது. அடுத்த ஆண்டில் சட்டப்படி மாற்றவேண்டிய பங்கை மாற்றிவிட்டு, கூலி விகிதத்தை உயர்த்தியோ, நல்ல நூலும் தறிக்கருவியும் வாங்கித் தந்தோ அளவைச் சரிசெய்ய வேண்டும். மிகுதி எவரிடமிருந்து வந்ததோ அவரிடமே செல்லுதல் நீதி.

6. ஊதியத்துக்கு அளவு

ரைபைசன் சங்கங்களில் நிருவாகக் குழுவினர் ஊதியம் பெறாது உழைத்தனர். கணக்கைக் கவனித்த காசாளர்க்கு மட்டும் ஊதியம் உண்டு. தொண்டு செய்வோர் பலர் இருக்கலாம். நாள்தோறும் பொறுப்பேற்றுக் கணக்கெழுதுவோர்க்குக் கூலி கொடுத்தே தீரவேண்டும் என்பதை அம்முன்னோர் அறிந்திருந்தனர்.

நம் சங்கங்களில் 17 இலட்சம் பவுண்டு பெறுவோர் எவரும் இல்லை. நம்மிடமுள்ள பிணி பெரும்பாலும் மறுதலையானது. 30 இலட்சம் ரூபாய்ச் சரக்கறையின் சாவியை வைத்திருப்பவர் மாத ஊதியத்துக்கு ஏங்கி நிற்கிறார். எழுத்தருக்குச் சில மாத ஊதியம் நிலுவை. இதைச் சிக்கனம் என்று சிலர் புகழ்கின்றனர். ஆனால் திறமையுள்ளவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார், தங்கியவர் மனம் சோர்ந்துவிடுகிறார், பதிவேடு பின்தங்குகிறது, தணிக்கை தாமதமாகிறது, தாமதத்தின் நிழலில் மோசடி முளைக்கிறது. ஊதியத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்கள், ஒரே ஆண்டுத் தணிக்கைக் குறையில் பன்மடங்காகக் கரைந்துவிடும்.

அளவு காண்பதற்கு நான்கு விதிகளைக் கொள்ளலாம்.

வேலையைப் பார்த்து ஊதியம் வகுத்தல் முதல் விதி. அதே வட்டாரத்தில் அதே பொறுப்புள்ள வேலைக்கு என்ன கிடைக்கிறது என்பதே உரைகல். சட்டம் வகுத்த குறைந்த அளவுக்குக் கீழே போதல் எக்காலும் ஆகாது.

உயர்ந்த ஊதியத்துக்கும் தாழ்ந்த ஊதியத்துக்கும் இடையே மடங்கு வகுத்தல் இரண்டாம் விதி. ஸ்பெயினில் 1956இல் தோன்றிய மொண்டிராகன் தொழிற் கூட்டுறவுகளில், தொடக்கத்தில் மேல்நிலை ஊதியம் கீழ்நிலை ஊதியத்தைப் போல் 3 மடங்குக்கு மேற்படலாகாது என வைத்தனர். பிற்காலத்தில் அது 6 மடங்கு வரை உயர்ந்தது. மடங்கு எதுவாயினும், அதை அங்கத்தினரே அறிந்து ஒப்புக்கொள்வது சிறப்பு.

ஊழியரின் உழைப்பால் வந்த பயனையும் காலத்தால் வந்த பயனையும் பிரித்தறிதல் மூன்றாம் விதி. நூல் விலை தானே இறங்கியதால் லாபம் கூடியது எனின், அதற்காகச் செயலாளர்க்கு ஊக்கத்தொகை தருவது, மழை பெய்ததற்காக ஏற்றக்காரனுக்குக் கூலி கொடுப்பதாகும். பழைய கார் விலை ஏறியதால் பெருகிய லாபத்தை நிருவாகத் திறமையாகக் கொண்டால் இதே மயக்கம்தான். பழைய பாக்கியை வசூலித்தது, நூற் சேதத்தைக் குறைத்தது, கணக்கை உரிய நாளில் முடித்தது ஆகியவற்றுக்கே ஊக்கத்தொகை பொருந்தும். இலக்கு சற்று முயன்றால் எட்டத்தக்கதாக இருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தே எட்டத்தக்கதாக இருத்தல் கூடாது.

ஊதியச் செலவை அங்கத்தினர்க்கு விளங்கும் அளவையில் சொல்லுதல் நான்காம் விதி. கற்பனைச் சங்கத்தின் மாத விற்பனை 21 இலட்சம், ஊழியர் செலவு 1,20,000 எனின், 1,000 ரூபாய்ச் சேலை ஒன்றில் சுமார் 57 ரூபாய் ஊழியர்க்குச் செல்கிறது. இப்படிச் சொன்னால் நெசவாளர் தாமே எடைபோட்டுக்கொள்வார். அந்த 57 ரூபாய்க்குச் சரக்குக் காவலும், ஒழுங்கான கணக்கும், காலத்தில் கூலியும் கிடைக்கின்றனவா என்பதே அவர் கேட்கவேண்டிய கேள்வி.

7. நம் கையிலுள்ள கருவி

அங்கே வாடகை செலுத்திய 6 இலட்சம் பேருக்கும் கம்பெனியின் பொதுக்கூட்டத்தில் வாக்கு இல்லை. அவர்களுக்காகப் பாராளுமன்றமும் தேசியத் தணிக்கையாளரும் பேச வேண்டியிருந்தது. நம் சங்கத்தில் ஆளுக்கொரு வாக்கு உண்டு. 2 பங்கு வைத்திருப்பவர்க்கும் 20 பங்கு வைத்திருப்பவர்க்கும் அது ஒன்றே. தணிக்கை அறிக்கையைப் படிக்கக் கேட்கலாம். ஐந்தொகையின் ஒவ்வோர் இனத்தையும் விளக்கச் சொல்லலாம். இக்கருவியைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, பேரவைக் கூட்டத்தில் கையெழுத்திட்டுத் தேநீர் அருந்தித் திரும்புவோமாயின், 6 இலட்சம் பேருக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

ஆகவே ஒவ்வொரு சங்கத்தின் நிருவாகக் குழுவும் ஆண்டுதோறும் ஒரே பக்கத்தில் அடங்கும் குறிப்பு ஒன்றைத் தயாரித்துப் பேரவை முன் வைக்குமாறு அங்கத்தினர் கோருதல் நலம். சேமநிதியின் கீழ் எல்லையும் மேல் எல்லையும் யாவை, அவை எவ்வெந்த இன்னலுக்காக வகுக்கப்பட்டவை; நிதி எங்கே, எவ்வடிவில் இருக்கிறது; பணிக்கொடைக்குத் தனியே ஒதுக்கப்பட்டதா; உயர்ந்த ஊதியம் எவ்வளவு, தாழ்ந்த ஊதியம் எவ்வளவு, நிலுவை உண்டா; ஊக்கத்தொகை எதற்காக வழங்கப்பட்டது—இவ்வைந்துக்கும் அக்குறிப்பில் விடை இருக்க வேண்டும். செயலாளர்க்கு இது ஒரு மாலைப்பொழுது வேலை. அங்கத்தினர்க்கோ ஆண்டு முழுதும் நம்பிக்கை.

சேமநிதி நம் உழைப்பின் மிச்சம். ஊதியம் நமக்காக உழைப்போரின் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை வெட்டுதல் கூடாது. இரண்டையும் அளந்து, அளவை அனைவரும் அறியச் சொல்லுவதே நேர்மையான நிருவாகம்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்துக்கு நேரக்கூடிய நான்கு இன்னல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தொகை வேண்டும் எனக் கணக்கிடுக.

2. சென்ற ஆண்டு ஐந்தொகையில் கண்ட சேமநிதி அவ்வளவுக்குக் குறைவா, மிகுதியா? அது பணமாக உள்ளதா, சரக்காக உள்ளதா?

3. சேமநிதி மிகுதியாயின், கூலி, கருவி, பங்கு ஈவு ஆகியவற்றுள் எதற்கு முதலிடம் தரலாம்? காரணம் கூறுக.

4. நம் ஊழியர் ஒவ்வொருவரும் செய்யும் வேலை யாது? அதே வேலைக்கு வட்டாரத்தில் கிடைக்கும் ஊதியம் எவ்வளவு?

5. நம் சங்கத்தில் விற்கும் 1,000 ரூபாய்ச் சரக்கில் ஊழியர் செலவு எத்தனை ரூபாய்?